பாட்டு முடியும்வரை

என் மகளுக்கு ஐந்து வயது. சனிக்கிழமை காலைகளில் என் போனைப் பறித்துக்கொண்டு சோபா மூலையில் சுருண்டுவிடுவாள். போன சனிக்கிழமை நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டு நின்றபோது அந்தப் பாட்டு கேட்டது. ஒரு நீர்யானை மேளம் அடிக்க, இரண்டு கீரிகள் கிற்றார் வாசித்தபடி பாடும் பழைய கார்ட்டூன் பாட்டு. யாரோ வேலை வெட்டி இல்லாதவர் அதைத் தேடி எடுத்து இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார். நான் ஓடிப்போய் போனைப் பிடுங்கி நிறுத்தினேன். மகள் வீரிட்டு அழுதாள். கடுகு கருகி வீடெல்லாம் புகை. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கணவர் பயந்துபோனார். ஆனது இன்றைக்கல்ல, என் ஏழு வயதில் என்று அவரிடம் சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வேறு கடுகு போட்டேன்.

அந்தக் கார்ட்டூன் எங்களிடம் வந்து சேர்ந்தபோதே பழசு. அமெரிக்காவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பார்த்து முடித்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அது கொழும்புத் தொலைக்காட்சிக்கு வந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. எல்லா வாரமும் ஒரே கதைதான். மிருகங்களின் இசைக்குழு ஏதாவது ஒரு பாழடைந்த மாளிகைக்குள் நுழையும். அங்கே ஒரு தடித்த காவலாளி இருப்பான். அவர்கள் அலுமாரிக்குள்ளும் கதவுக்குப் பின்னாலும் போய் ஒளிவார்கள். அவன் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துக்கொண்டு வருவான். கடைசி ஆளையும் கண்டுபிடிக்கப் போகும் நேரத்தில் பாட்டுத் தொடங்கும்.

பாட்டுத் தொடங்கினால் எல்லாம் மாறிவிடும். நீளமான நடைகூடம், இரண்டு பக்கமும் கதவுகள். ஒரு கதவால் உள்ளே ஓடி வேறு கதவால் வெளியே வருவார்கள். கொஞ்ச நேரத்தில் காவலாளி முன்னால் ஓடுவான், நீர்யானை அவனைத் துரத்தும். பாட்டில் பொருள் என்று எதுவும் கிடையாது. தேன், முத்தம், வெயில், நீயும் நானும் என்று நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டு இரண்டரை நிமிடத்தை ஓட்டிவிடுவார்கள். இப்படியான பாட்டுகளுக்குப் பபிள்கம் பாட்டு என்று பெயர் என்பதைப் பிற்காலத்தில் எங்கோ வாசித்தேன். பொருத்தமான பெயர்தான். இனிப்புப் போனதும் துப்பிவிடலாம். எனக்கு மட்டும் அது தொண்டையில் நின்றுவிட்டது.

ஏழு வயதில் நான் அந்தப் பாட்டுகளுக்குள் ஒரு சட்டத்தைக் கண்டுபிடித்திருந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் பிடிபடுவதில்லை. ஒளிந்திருப்பவர்கள்தான் பிடிபடுவார்கள். வெளியே வந்து பாட்டோடு சேர்ந்து ஓடுகிறவர்களை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பெரிய கண்டுபிடிப்பு என்று எண்ணி யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லியிருந்தால் யாராவது திருத்தியிருப்பார்கள்.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி. கீழே வீட்டுக்காரி. கொழும்பில் தமிழர் குடியிருந்தால், வீட்டில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் பொலிஸில் பதிந்து, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய போர்க்காலம் அது. சோதனைக்கு வருகிறவர்கள் தாளையும் தலைகளையும் சரிபார்ப்பார்கள். எங்கள் தாளில் நான்கு பெயர். வீட்டில் இருந்ததோ ஐந்து பேர்.

ஐந்தாவது ஆள் அம்மாவின் தம்பி. இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன ஏஜென்சிக்காரனுக்காகக் காத்திருந்தார். ஒரு கிழமை என்று வந்தவருக்கு நாலு மாதமாயிற்று. இளம் பெடியனின் பெயரைப் பதியப் போனால் தனக்கும் கரைச்சல் என்று வீட்டுக்காரி கையெழுத்துப் போட மறுத்துவிட்டா. அவர் அன்றைக்கே போய்விட்டார் என்று அப்பா அவவிடம் பொய் சொன்னார். அந்த நாளிலிருந்து மாமா வீட்டுக்குள் இல்லாத ஆளானார். செருப்புப் போடுவதில்லை. குதிகாலை நிலத்தில் வைப்பதில்லை. இருமல் வந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

"ஆர் கேட்டாலும் நாலு பேர் எண்டு சொல்லோணும். விளங்கிச்சோ?" என்று அம்மா என்னைப் பாடமாக்க வைத்திருந்தார். வாய்ப்பாட்டைவிட இது எனக்கு நன்றாகப் பாடம்.

மாமாவுக்குச் சனிக்கிழமை காலை மட்டும் விடுதலை. எட்டு மணிக்கு அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். அந்தச் சத்தத்தில் மாமா வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் குளிப்பார். பாட்டு வந்ததும் நான் குளியலறைக் கதவில் தட்டி அவரைக் கூப்பிட வேண்டும். அது என் வேலை, எனக்கு அதில் பெரிய பெருமை. தலை ஈரத்தோடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருவார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் இரண்டு அடி, வலப்பக்கம் இரண்டு அடி, பிறகு ஒரு குதி. ஆங்கிலச் சொற்கள் பிடிபடாத இடங்களில் கத்தரிக்காய், வெண்டிக்காய், முருங்கைக்காய் என்று போட்டு நிரப்புவார். நான் சிரித்துச் சிரித்து விக்குவேன். பாட்டு முடிந்ததும் அவருடைய குதிகால் மறுபடி மேலே போய்விடும்.

கீழே வீட்டுக்காரிக்குக் கேட்டதெல்லாம் என் குதிதான். "உங்கட பிள்ளை குதிக்கிற குதியிலை எங்கட சீலிங் விழப்போகுது" என்று வீட்டுக்காரி படிக்கட்டில் அப்பாவை மறித்து முறையிடுவா. "சொல்லி வைக்கிறன் அக்கா" என்பார் அப்பா. மேலே வந்து என்னை ஏசாமல் தலையைத் தடவிவிடுவார். என் குதியை அவர் ரசிக்கிறார் என்றுதான் எண்ணிக்கொண்டேன்.

சோதனை எப்போதும் இருட்டோடு வரும். எந்த வீட்டிலாவது கதவு தட்டப்படும் சத்தம் முதலில் கேட்கும், எங்கள் வீட்டில் மாமா தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஏறிவிடுவார். பட்டப்பகலில், அதுவும் சனிக்கிழமை எட்டே காலுக்கு வருவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தொலைக்காட்சிச் சத்தத்தில் வீட்டுக்காரி கீழேயிருந்து கூப்பிட்டதும் கேட்கவில்லை. அப்பா கதவைத் திறந்தபோது இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். இளையவர் துவக்கோடு வாசலில் நின்றுகொண்டார். கையில் கோப்பு வைத்திருந்த வயதானவர் உள்ளே வந்தார். மாமா குளியலறையில் இருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனது எனக்குத் தெரிந்தது.

வயதானவர் பொல்லாதவர் அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் என் பாரம் குறையும், ஆனால் அது பொய்யாகிவிடும். தாளைப் பார்த்தார், அடையாள அட்டைகளைப் பார்த்தார், அறைக்குள் எட்டிப் பார்த்தார், தம்பியின் கன்னத்தைத் தட்டினார். என் முன்னால் குனிந்து, "பாப்பா, வீட்டிலே எத்தனை பேரு?" என்று உடைந்த தமிழில் கேட்டார். நான் நான்கு விரல்களைக் காட்டினேன். ஒரு விரல்கூட நடுங்கவில்லை. அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவர் தாளை மடித்து அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். வாசலில் ஒரு காலை வைத்தும் விட்டார்.

அப்போதுதான் பாட்டுத் தொடங்கியது.

அவர் திரும்பிப் பார்த்தார். நீர்யானையைக் கண்டு முகம் மலர்ந்தது. "மகே துவத் மேக பலனவா" என்றார். தன் மகளும் இதைத்தான் பார்ப்பாளாம். போக வேண்டியவர் போகாமல், கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்க்கத் தொடங்கினார். அப்பா சிரிக்க முயன்றார். அம்மாவின் கை என் தோளில் கிடந்து உதறிக்கொண்டிருந்தது. அந்த உதறல்தான் எனக்குப் பயத்தைக் கொண்டுவந்தது. காவலாளி வீட்டுக்குள் நிற்கிறான், மாமா கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார். ஒளிந்திருப்பவர்கள்தான் பிடிபடுவார்கள். பாட்டோ இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்குத் தெரிந்த சட்டத்தின்படி மாமாவைக் காப்பாற்ற ஒரே ஒரு வழிதான் இருந்தது.

அம்மாவின் கையிலிருந்து நழுவி ஓடிப்போய்க் குளியலறைக் கதவில் தட்டினேன். "மாமா, பாட்டு வந்திட்டுது. கெதியா வாங்கோ."

வீடு முழுக்க நீர்யானையின் மேளம் மட்டும் கேட்டது. நிலையில் சாய்ந்து நின்றவரின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது, ஆனால் அவர் நிமிர்ந்துவிட்டார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்தது. மாமா தலை ஈரத்தோடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

இடப்பக்கம் இரண்டு அடி, வலப்பக்கம் இரண்டு அடி, ஒரு குதி. கத்தரிக்காய், வெண்டிக்காய் ஒன்றையும் அவர் விடவில்லை. கையை மட்டும் வழக்கத்தைவிட இறுக்கிப் பிடித்திருந்தார், எனக்கு நொந்தது. துவக்கோடு நின்றவர் ஓரடி முன்னால் வந்தார், வயதானவர் கையைக் காட்டி மறித்தார். ஏன் மறித்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தன் மகளை நினைத்தாரோ என்னவோ. பாட்டு முடியும்வரை எல்லோரும் நின்றார்கள். என் சட்டம் பொய்க்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்வரை மாமாவை யாரும் பிடிக்கவில்லை.

முடிந்ததும் வயதானவர் அடையாள அட்டையைக் கேட்டார். பிறந்த ஊரை வாசித்தார். ஒரு வாக்குமூலம் மட்டும் எடுத்துவிட்டு விட்டுவிடுவோம் என்று அப்பாவிடம் சிங்களத்தில் சொன்னார். நேற்று இரவுதான் வந்தேன், அத்தானுக்கு ஒன்றும் தெரியாது என்று மாமா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பாவின் நீல நிறச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டார். வாசலில் குனிந்து என் காதுக்குள் சொன்னார்: "பிள்ளை, மிச்சத்தைப் பாத்து வைச்சு எனக்குச் சொல்லுங்கோ, என்ன நடந்தது எண்டு."

அவர் திரும்பி வரவில்லை. பின்னேரம் அப்பா மாற்று உடுப்பும் பற்தூரிகையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போனபோது, அப்படி ஒருவரைத் தாங்கள் கொண்டுவரவே இல்லை என்று சொன்னார்கள். அடுத்த மாதம் வீட்டுக்காரி எங்களை வீட்டை விட்டு எழுப்பினா, கிருலப்பனைக்குப் போனோம். மாமா கனடாவில் என்று எனக்குச் சொல்லப்பட்டது, பள்ளிக்கூடத்தில் நானும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா ஒரு பிளாஸ்டிக் பைக்குள் மாமாவின் படத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ வருடங்கள் எத்தனையோ படிகள் ஏறி இறங்கினார். என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. நான் வளர்ந்து, எல்லாம் விளங்கி, நானாகவே பேச்சை எடுத்தபோது மட்டும், "நீ கூப்பிடாட்டியும் அவன் இருமியிருப்பான்" என்றார். தையல் வேலையிலிருந்து தலையைத் தூக்காமல்தான் சொன்னார். அந்த வசனத்தை எனக்காக எத்தனை வருடம் தயார்படுத்தி வைத்திருந்தாரோ தெரியாது.

நான் மறக்க முடியாமல் கிடப்பது அந்த வருடங்களை அல்ல. மாமாவை ஏற்றிய ஜீப் ஒழுங்கையை விட்டுத் திரும்பிய உடனே நடந்த ஒன்றை. அப்பா வந்து தொலைக்காட்சியை நிறுத்தினார். நான் நிலத்தில் விழுந்து புரண்டு அழுதேன். மாமாவுக்காக அல்ல. கார்ட்டூன் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது, மிச்சத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லி மாமா என்னை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார், இவர்கள் என்னவென்றால் நிறுத்துகிறார்கள். அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அம்மாதான் தடுத்தார். அவரே போய்த் தொலைக்காட்சியைப் போட்டார். சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். அதற்கு மேலே கூட்ட முடியாது என்னும் அளவுக்குக் கூட்டிவிட்டு, தம்பியை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, ஈரம் காயாத குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் பக்கம் நியாயம் இருப்பது அம்மாவுக்காவது விளங்கியதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமாவுக்குச் சொல்வதற்காக, ஒன்றையும் விடாமல் கடைசிவரை பார்த்தேன்.