மனசுப் படிப்புக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

பத்து வருஷமாக இதை எழுதலாமா, வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தும் போட்டாயிற்று. பேனாவை எடுத்தால் எங்கள் விளாங்குடி அம்மன் முகம் முன்னால் வந்து நிற்கும். உடனே அதைக் கீழே வைத்துவிட்டு, மாட்டுத் தரகரைப் பற்றியோ மழையைப் பற்றியோ எதையாவது எழுதி அனுப்பிவிடுவேன். நீங்களும் பாவம், நன்றாயிருந்தது என்று கார்டு போடுவீர்கள்.

இந்த வாரம் தப்ப முடியவில்லை. காரணம் — சமயநல்லூர்க்காரர் ஒருவர்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. இறங்கியவரை எனக்கு முன்பின் தெரியாது. துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“அண்ணே, பூ நிறம் மாறுச்சே... அந்த வீடு இதானே?”

குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அவர் மகன் இன்டர்மீடியட் தேறியிருக்கிறான். அவனை இஞ்சினீயருக்குப் படிக்க வைக்கவேண்டும் என்பது இவர் ஆசை. பையனோ தமிழ் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். எங்கள் அம்மனிடம் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறார். பொட்டலத்தை என் கையால் கட்டிக் கொடுக்கவேண்டுமாம்.

பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரி இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் சிவப்பு அரளி, மற்றதில் வெள்ளை நந்தியாவட்டை. சிவப்பு என்றால் இன்னது, வெள்ளை என்றால் இன்னது என்று மனசில் வைத்துக்கொண்டு சாமி காலடியில் போடவேண்டும். விவரம் தெரியாத ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். எது வருகிறதோ அதுதான் உத்தரவு. அப்பீல் கிடையாது.

“இஞ்சினீயருக்கு வெள்ளைண்ணே. ஆனா ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்பையே வச்சுக் கட்டிருங்க” என்றார் அவர்.

“ரெண்டுலயும் சிவப்பா? எதுக்குய்யா?”

“உங்களுக்கு அப்படித்தானே ஆத்தா மாத்திக் குடுத்தா! ஊரே சொல்லுதே.”

“வெள்ளைதான் வேணும்னா நேரா வெள்ளையையே வச்சுட்டுப் போகலாமே...”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நம்ம வச்சா அது நம்ம வச்சதால்ல ஆயிரும்? ஆத்தா மாத்துனாத்தான் பையன் கேப்பான்.”

பக்தி எப்படி வளர்ந்திருக்கிறது, பார்த்தீர்களா? வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். உள்ளே திரும்பினால், லீவுக்கு வந்திருக்கும் என் மகள் பூரணம் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்!

இனி மறைத்துப் பிரயோசனமில்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் பூரணம் இன்டர்மீடியட் தேறினாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆகவே எனக்குப் பெருமை தாங்கவில்லை. “அடுத்து என்ன தாயி?” என்று கேட்டேன்.

“மனோதத்துவம்ப்பா” என்றாள்.

ஏதோ சாமி சம்பந்தப்பட்ட படிப்பு என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமி இல்லையாம், மனசாம். மனசு எப்படி வேலை செய்கிறது, எதனால் கெட்டுப் போகிறது, கெட்டதை எப்படிச் சரிக்கட்டுவது என்கிற சாஸ்திரமாம்.

அவளுக்கு இந்த ஆசை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கீழக்குயில்குடியில் அவளுடைய சின்னம்மா — என் மனைவியின் தங்கை — தலைப்பிரசவம் ஆனதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையைத் தொடமாட்டாள், பேசமாட்டாள். கோடாங்கியைக் கூட்டி வந்தோம். உடுக்கு அடித்தார், வேப்பங்குலையால் அடித்தார், தினமும் மிளகாய்ப் புகை போட்டார். வீட்டில் எல்லோரும் இருமினோம். அவள் மட்டும் அசையவில்லை. லீவுக்குப் போயிருந்த பூரணம், அவள் பக்கத்தில் அதே சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாளாம். முதல் நாளும் ஒன்றும் கேட்கவில்லை, இரண்டாம் நாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சின்னம்மாவே, “புகையில கண்ணு எரியுதுடி” என்று வாய் திறந்தாள். அப்புறம் ஒரு பொழுது முழுக்கப் பேசினாள், அழுதாள், பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

கோடாங்கி அது தன் புகையின் வேலை என்று சொல்லி ஒரு சேவலை வாங்கிக்கொண்டு போனார்.

“நான் பண்ணுனது என்னன்னு எனக்கே தெரியாதுப்பா. அதைத் தெரிஞ்சு பண்ணணும்” என்றாள் பூரணம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறதே!

என் மைத்துனன் சோலைமலை முதல் ஆளாக வந்தான். “மச்சான், அந்தப் படிப்புப் படிச்ச பிள்ளையை எவன் கட்டுவான்? வாசல்ல செருப்பைக் கழட்டுறப்பவே எங்கிட்டுப் போயிட்டு வாரான்னு கண்டுபிடிச்சிருமே!”

டவுனில் துணிக்கடை பாய் சிரித்தார். “மனசைப் படிக்கப் பரீட்சை எதுக்கு அண்ணே? பாப்பாவை எங்க கடையில ரெண்டு நாள் உக்காத்தி வைங்க. அம்பது சேலையைப் புரட்டிட்டு வாரேன்னு எந்திரிச்சுப் போறவுக மனசுல என்ன இருக்குன்னு சொல்லிட்டா, அதுக்கு மேல என்ன பட்டம் இருக்கு?”

எதிர்வீட்டுக்காரர் நேராகப் பூரணத்திடமே வந்தார். அவருடைய வெள்ளாடு காணாமல் போயிருந்தது. “அந்த மேலத்தெருக்காரன் மனசுல என் ஆடு இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லு தாயி” என்றார்.

“இன்னும் காலேஜுல சேரலையே பெரியப்பா” என்றாள் அவள்.

“சரி, சேந்ததும் சொல்லு.”

காலேஜில் பாடம் சொல்லும் அம்மா ஒருவரைப் போய்ப் பார்த்தோம். அவர்தான் வழியைச் சொன்னார். மனசுக்கென்று இந்த மாகாணத்தில் தனி பி.ஏ. கிடையாதாம். தத்துவம் என்று ஒரு பி.ஏ. இருக்கிறது, அதற்குள் இது ஒரு பாகம். அதை மெட்ராஸில் முடித்து, பிறகு மைசூருக்கோ கல்கத்தாவுக்கோ போய் எம்.ஏ. படிக்கவேண்டும்.

“அப்புறம் என்ன வேலைங்க?” என்று கேட்டேன்.

“இதுவரை இந்தப் பக்கத்தில் யாரும் அந்த வேலை செய்யவில்லை” என்றார் அந்த அம்மா, அது ஒரு நல்ல செய்தி போல.

கணக்கில் பி.ஏ. எடுத்தால் அப்புறம் எல்.டி. என்கிற வாத்தியார் பரீட்சையை முடித்து, மதுரையிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா ஆகிவிடலாம். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வரலாம். மைசூர் எங்கே, விளாங்குடி எங்கே?

ஆனால் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிப்பட்ட கோழைகளுக்கென்றே தெய்வம் இருக்கிறதே! “பூக்கட்டிப் பாப்போம் தாயி. சிவப்புன்னா கணக்கு, வெள்ளைன்னா மனசு. ஆத்தா சொல்றபடி செய்வோம்” என்றேன்.

“சரிப்பா” என்றாள் உடனே. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பூசை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நான் தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவன். மார்கழியில் ஒரு நாள் தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். அந்த நான், இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை வைத்துக் கட்டினேன். ‘ஆத்தா, உனக்கும் கணக்குத்தான் இஷ்டம் என்று எனக்குத் தெரியும், உனக்கு எதற்குச் சிரமம்’ என்று அவளுக்கே சமாதானம் சொன்னேன். பொட்டலங்களைத் தட்டில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனேன்.

பிறகு கோயில். பூசாரி தட்டை வாங்கிக் குலுக்கி அம்மன் காலடியில் கொட்டினார். அவருடைய பேத்தி, நாலு வயசுக் குழந்தை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார்.

வெள்ளை!

“மனசு!” என்று கத்தினாள் பூரணம். என் மனைவி குலவையிட்டாள். நானோ மற்ற பொட்டலத்தைத் தெப்பக்குளத்தில் போடுவதாகச் சொல்லி மடியில் செருகிக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன். அதில் சிவப்பு.

நான் வைத்தது இரண்டு சிவப்பு. வந்தது ஒரு வெள்ளை. வேறு என்ன அர்த்தம்? அங்கேயே மண்ணில் விழுந்து கும்பிட்டேன். யாரிடம் சொல்வது? அதிசயத்தைச் சொன்னால் என் திருட்டையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும்! வாயை மூடிக்கொண்டு அவளை ரயில் ஏற்றிவிட்டேன். எல்.டி.யாவது, பஸ்ஸாவது! அம்மனே கையெழுத்துப் போட்ட பிறகு மைசூர் என்ன, கல்கத்தா என்ன?

ஒருநாள் பாரம் தாங்காமல் சோலைமலையிடம் மட்டும் சொன்னேன். அவன் நல்லவன். என் மேல் உள்ள பிரியத்தால் திருட்டை விட்டுவிட்டு அதிசயத்தை மட்டும் ஊருக்குச் சொன்னான். மச்சான் பக்தி மிகுதியில் சிவப்பாகவே வைத்தாராம், அம்மன் மாற்றினாளாம். அடுத்த வருஷம் அந்தக் கதையில் பொட்டலத்திலிருந்து வெளிச்சம் வந்தது. அதற்கடுத்த வருஷம் பூசாரி மயங்கி விழுந்தார். இப்போது சமயநல்லூர் வரைக்கும் போய், செய்முறையோடு திரும்பி வந்திருக்கிறது.

பூரணம் பி.ஏ. முடித்தாள், மைசூரில் எம்.ஏ. முடித்தாள். இன்று மெட்ராஸில் ஒரு பெண்கள் காலேஜில் அதையே சொல்லிக்கொடுக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் பக்கத்தில் உட்காருகிறாள். கலியாணமும் ஆயிற்று. மாப்பிள்ளை எங்கே போனாலும் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

போன செவ்வாய்க்கு வருகிறேன். கதவோரம் நின்ற பூரணம் என்னையே பார்த்தாள்.

“அப்பா, அன்னைக்கு ரெண்டுலயும் சிவப்பு வச்சீகளா?”

தலையைக் குனிந்துகொண்டேன். “ஆமா தாயி. தப்புத்தான். ஆத்தாதான் மாத்தி என்னைய அறைஞ்சுட்டா.”

“ஆத்தா இல்லப்பா. நான்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சிரித்தாள்.

“நீங்க கதவைச் சாத்திக்கிட்டுப் பூக்கட்டி நான் பாத்ததே இல்ல. அன்னைக்குப் பூரா என் மூஞ்சியையும் பாக்கல. நீங்க குளிக்கப் போனதும் பிரிச்சுப் பாத்தேன். செடியில இருந்து ஒரு நந்தியாவட்டையைப் பறிச்சு, ஒண்ணுல மாத்தி வச்சேன்.”

“ஒண்ணுலயா?”

“ஒண்ணுலதான்.”

“ஏன் தாயி? ரெண்டுலயும் வெள்ளை வச்சிருந்தா உனக்கு உறுதியாக் கிடைச்சிருக்குமே!”

“அப்ப உங்களுக்கும் எனக்கும் என்னப்பா வித்தியாசம்? ஆத்தா சொல்றபடின்னு சொல்லிட்டு, அவ சொல்றதுக்கு இடம் விடவேணாமா?”

“சிவப்பு வந்திருந்தா?”

“கணக்கு வாத்தியாரம்மா ஆயிருப்பேன். ராத்திரி பூரா அழுதிருப்பேன். ஆனா அப்பா ஏமாத்திட்டாருன்னு அழுதிருக்க மாட்டேன்.”

நெற்றித் திருநீறு எனக்குச் சுட்டது. சாமியை நம்புகிறவன் நான் என்று ஊர் சொல்கிறது. மனசுப் படிப்புப் படித்தவளுக்குச் சாமி பயம் போய்விடும் என்று பயந்தவனும் நான்தான். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் அம்மனை நம்பினது யார்?

நேற்று வெள்ளிக்கிழமை. சமயநல்லூர்க்காரர் சொன்னபடி வந்தார், கையில் அரளிக் கூடையோடு. ஒன்று விடாமல் சொன்னேன். என் திருட்டையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் கூடையைத் திண்ணையில் இறக்கி வைத்தார்.

“அப்ப ஒண்ணு செய்வோம்ணே. நீங்க கட்டி வைங்க. பாப்பா வந்து மாத்தட்டும்.”

பூரணம் அவரிடம் போய், பையன் எங்கே என்று கேட்டாள். வண்டியிலேதான் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் போய் அவளும் சும்மா உட்கார்ந்தாள்.

உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். வெளிச்சம் வேண்டாம், பூசாரி மயங்கவும் வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு என் திருட்டைக் குறைக்கவேண்டாம். முக்கியமாக, என் மகள் மாற்றினது ஒரு பொட்டலத்தைத்தான் —

அந்த ஒன்றை மட்டும் யாரும் இரண்டாக்கிவிடாதீர்கள்.