விறகு லோரியின் ஸ்டீரிங்கும் எங்கள் அண்ணனும்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையாகிய நான் வணக்கம் கூறி இதை எழுதுகிறேன். எழுதிப் பழகிய ஒருவரிடம் இப்பணியைக் கொடுக்கும்படி சிலர் சொன்னார்கள். கொடுத்திருந்தால் அண்ணனைக் குறையே இல்லாத மனிதராக ஆக்கியிருப்பார்கள். அவருக்கு அது பிடித்திராது. எனக்கும் உடம்பு ஓய்ந்திருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது கிள்ளானில், ரயில் பாதை வேலையாட்களின் வரிசை வீடுகளில். தாயார் என்னைப் பெற்ற பத்தாம் நாள் காய்ச்சலில் போனார். தண்டவாளம் பதிக்கும் வேலையிலிருந்த தந்தையாரும் சில ஆண்டுகளில் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு எனக்குச் சோறு போட்டதும், தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியதும், தலை வாரிவிட்டதும் அண்ணனே. பின்னல் மட்டும் அவருக்குக் கடைசிவரை நேராக வரவில்லை.

ஓர் இரும்புப் பட்டறையில் அரம் போடும் வேலையில் சேர்ந்து, பிறகு மோட்டார் வேலையும் கற்றார். ரப்பர் விலை விழுந்த காலத்தில் பட்டறையை மூடிவிட்டார்கள். நாங்கள் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு வந்தோம். அங்கே ஒரு விறகுக் கிட்டங்கியில் லோரியைப் பழுதுபார்க்க அண்ணனை வைத்துக்கொண்டார்கள். அந்த லோரியை ஓட்டிக்கொண்டிருந்தவரைத்தான் விசாரித்து, பார்த்து, எனக்குக் கணவராக முடித்து வைத்தார்.

கிள்ளான் கரையோரத்தில் வெட்டும் கண்டல் மர விறகை ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்கு வருவது லோரியின் வேலை. பலர் கை மாறிய பழைய வண்டி. ஸ்டீரிங்கைக் கால் சுற்று சுற்றினாலும் சக்கரம் அசையாது. பிறகு திடீரென்று ஒரு பக்கமாக இழுக்கும். நேர்ப் பாதையிலேயே என் கணவர் இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே வருவார்.

"நான் சொல்றது அதுக்குக் காதுல விழ நேரமாகுது மச்சான்" என்று அண்ணனிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அண்ணன் மறுநாள் காலை ஸ்டீரிங்கின் பல்சக்கரங்கள் அடங்கிய பெட்டியின் மேலிருந்த திருகை இறுக்கினார். வண்டியை நேராக நிறுத்தி, ஆட்டம் அடங்கும்வரை இறுக்கினார். "இப்பப் பாருங்க மாப்பிள்ளை" என்றார். என் கணவர் கிட்டங்கியை ஒரு சுற்று சுற்றிவந்து தலையசைத்தார். வேலை முடிந்ததென்று இருவரும் காப்பி குடித்தார்கள்.

நான்காம் நாள், பாரத்தோடு வரும்போது, பத்து தீகா என்னும் ஊரைத் தாண்டிய ஒரு வளைவில் ஸ்டீரிங் திருப்பிய இடத்திலேயே பிடித்துக்கொண்டது. நேருக்குத் திரும்பி வரவில்லை. லோரி கால்வாயில் இறங்கியது. விறகு சரிந்து என் கணவரின் வலது முழங்கால் நொறுங்கியது.

காலை எடுக்க வேண்டியதில்லை, ஆனால் இனி மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

லோரியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முன்பக்கம் நசுங்கியிருந்ததே தவிர எஞ்சின் ஓடியது. கிட்டங்கி முதலாளி மூன்றாம் நாளே வந்தார்.

"பெட்டியைக் கொஞ்சம் தளர்த்திட்டு வண்டியை விடுய்யா. விறகெல்லாம் கிள்ளான்ல மழையில நனையுது. வேற டிரைவர் சொல்லி வச்சிருக்கேன்."

அண்ணன் முதலாளியை எதிர்த்துப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. "முன்சக்கரம் ரெண்டும் ஆடுதுங்க. சரி பண்ணாம வெளிய எடுத்தீங்கன்னா நான் சக்கரத்துக்கு முன்னால படுத்துக்குவேன்" என்றார். முதலாளி திட்டிவிட்டுப் போனார். ஆனால் வண்டியை எடுக்கவில்லை.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்து, அசைவு எந்த மூட்டில் தொலைந்துபோகிறதென்று கை வைத்துப் பார்க்க வேண்டும். கிட்டங்கி ஆட்கள் முதலாளிக்குப் பயந்து வரவில்லை. அண்ணன் என்னைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். என் கணவர் உட்கார்ந்திருந்த இடம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"திருப்பும்மா. நிறுத்து. மறுபடியும்."

முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். சக்கரத்தை அச்சோடு சேர்க்கும் கிங்பின்னும் அதைச் சுற்றிய பித்தளைப் புஷ்ஷும் கிரீஸ் காணாமல் தேய்ந்து கிடந்தன. ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் இரண்டு முனைகளிலும் உருண்டைகள் தேய்ந்து முட்டை வடிவாகிவிட்டன. வண்டியைத் தாங்கும் வில்பட்டைகளை அச்சோடு கட்டிய போல்ட்டுகளும் தளர்ந்திருந்தன. ஆட்டமெல்லாம் கீழே இருக்க, அண்ணன் மேலே பெட்டியை இறுக்கியிருந்தார். அந்தப் பெட்டியின் பல்லோ நடுவில் மட்டும் தேய்ந்திருந்தது. நேராக நிற்கும்போது இறுக்கம் சரியாகத் தெரியும். வளைத்தால் தேயாத பல்லில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

எனக்குக் கை கடுத்தது. எதற்காகத் திருப்புகிறேன் என்பதே மறந்துபோனது. "இந்த வண்டிதானே அவரு காலை ஒடச்சுது, இதுக்கு எதுக்குண்ணே இவ்வளவு பாடு?" என்று கேட்டுவிட்டேன்.

கீழே அவர் சக்கரத்தை ஆட்டுவதை நிறுத்தினார். பிறகு சொன்னார்: "வண்டி இல்லம்மா. நான்தான் ஒடச்சேன். கீழ பாக்காம மேல இறுக்கிட்டேன்."

நான் இறங்கவில்லை. அவர் மறுபடி "திருப்பும்மா" என்றபோது திருப்பினேன்.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போய் என் கணவரிடமும் அதையே சொன்னார். கையிலிருந்த கிரீஸைக்கூடக் கழுவவில்லை. "மாப்பிள்ளை, தப்பு என்னுது." என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதுப் புஷ்ஷுகளைச் சீனர் பட்டறை ஒன்றில் கடைந்து வாங்கிவந்தார். உடைத்துப் போட்ட வேறொரு லோரியிலிருந்து நல்ல கிங்பின்கள் கிடைத்தன. பெருவிரலால் அழுத்தினால் பின் உள்ளே இறங்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. அதற்காகப் புஷ்ஷை உட்புறம் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். கம்பி முனைகளை மாற்றி, போல்ட்டுகளை இறுக்கி, கடைசியாகத்தான் பெட்டியைத் தொட்டார். அதையும் சக்கரத்தை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, சிக்காத அளவுக்கே வைத்தார். நடுவில் இரண்டு விரல் ஆட்டம் மிச்சமிருந்தது. "இது இருக்கட்டும்" என்றார். இவ்வளவுக்கும் பதினோரு நாள் ஆயிற்று.

பன்னிரண்டாம் நாள் பாரம் ஏற்றி அண்ணனே ஓட்டினார். அதற்குப் பிறகும் அவரே ஓட்டினார். முதலாளி சொல்லி வைத்திருந்த டிரைவர் வரவேயில்லை. பகலில் லோரி, ஞாயிற்றுக்கிழமை பழுது வேலை. இரண்டு வீட்டுச் செலவை ஒன்றாக்கி எங்களோடு வந்து தங்கினார். அவருக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் ஓராண்டு காத்திருந்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

என் கணவரும் அவரும் ஒரே வீட்டில், "சோறு ஆச்சா", "மழை வருது" என்ற அளவில் பேசிக்கொண்டு வாழ்ந்தார்கள். மடங்காத காலை நீட்டியபடி என் கணவர் கூடை முடையக் கற்றார்.

கடைசி ஆண்டில் அண்ணனுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. படுத்தால் இருமல், உட்கார்ந்தே தூங்குவார். ஸ்டீரிங்கைப் பிடிக்க முடியாமல் போன அன்றுதான் வேலையை விட்டார். நாற்பது நாள் படுக்கையில் இருந்து, ஒரு காலைப்பொழுதில் கஞ்சி கேட்டார். நான் ஆற்றிக் கொண்டுவருவதற்குள் அடங்கிவிட்டார்.

அந்த நாற்பது நாளும் வெந்நீர் வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கிள்ளானிலிருந்து முறை வைத்து வந்து உட்கார்ந்திருந்த லோரிக்கார அண்ணன்மார்களுக்கும், ஈமச் சடங்குக்கு விறகு அனுப்பிய கிட்டங்கி முதலாளிக்கும், பாடையில் தோள் கொடுத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இங்கே குறிப்பிட விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதை எழுதி முடித்து என் கணவரிடம் படித்துக் காட்டினேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு, தன் சார்பில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: "மச்சான் மேல எனக்குக் கோவம் இருந்துச்சு. ஒரு வருஷம் இருந்திருக்கும். அப்புறம் இல்ல. ஆனா அதை நான் அவருகிட்ட சொல்லல."