காலவரிசையில் அடுக்கிய புத்தகங்கள்

இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரில் நான் வேலை செய்த வீட்டு அம்மா, என் சின்யோரா, ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். ஒருநாள் அலமாரியைத் துடைத்தபின், சிசிலி பற்றிய அவரது புத்தகங்களைக் காலவரிசையில் அடுக்கினேன். தீவை ஆண்ட அரபியர் முதலில், அவர்களிடமிருந்து அதைப் பிடித்த நார்மானியர் அடுத்து. மன்னாரில் பதினொரு வருடம் சரித்திரம் படிப்பித்தவள் நான். கை தன்பாட்டில் அப்படிச் செய்துவிட்டது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இதை யார் அடுக்கியது?"

"நான்தான்."

"உட்காருங்கள்" என்றார்.

நாலு வருடத்தில் அந்த வீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான். நார்மானிய அரசர்கள் தங்கள் அவையில் அரபு அறிஞர்களை ஏன் வைத்திருந்தார்கள் என்று மாலைவரை பேசினோம். என் இத்தாலியன் தடுக்கிய இடங்களில் அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

நான் குடியிருந்த கபோ பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தங்கச்சியிடம் அன்றைக்கே சொன்னேன்.

"இண்டைக்கு சின்யோரா என்னோடை சரித்திரம் கதைச்சவ."

"ஓம் அக்கா, நல்லது. ஞாயிறு பூசைக்கு வாறியளே?"

"வாறன்" என்றேன்.

அடுத்த மாதம் சின்யோராவை மகள் மிலானுக்குக் கூட்டிப்போய்விட்டாள். நார்மானியர் காலத்துப் பேராலயத்தைத் தாண்டித்தான் இப்போது வேறு வீட்டு வேலைக்குப் போகிறேன். அதைப் பற்றிப் பேச எனக்கு இங்கே ஆளில்லை.