அப்பாவுக்கு ஜலதோஷம் பிடித்திருந்தபோது

எங்கள் அப்பா பேசமாட்டார். கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், கோபப்படவும் வாயைத் திறக்க வேண்டுமே. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அம்மாவிடம் அவர் அதிகம் சொன்ன வார்த்தை "உப்பு" என்பதாகத்தான் இருக்கும். கூடவா, குறைவா என்பதை அம்மா அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

போன மார்கழியில் அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. காட்டூரில் வீட்டுக்குப் பக்கத்து மெடிக்கலில் ஒரு சளி மாத்திரையைக் கேட்டு வாங்கி, அவராகவே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். மூக்கு திறந்ததோ இல்லையோ, வாய் திறந்துவிட்டது.

நான் அதே ஊரில் கே.கே. நகரில் இருக்கிறேன். அம்மா போன் செய்து, "அப்பா பாடறாருடி" என்றாள். நம்பாமல் நேரில் போனேன். அப்பா ஹாலில் உட்கார்ந்து, வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் சைக்கிள் திருட்டுப்போன கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதுவரை கேட்டிராத கதை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், இனிமேலாவது மனிதர் இளகுகிறார் என்று நானும் சந்தோஷப்பட்டேன். சளி போன பிறகும் அவர் மாத்திரையை விடவில்லை. போட்டால் உடம்பு சுறுசுறுப்பாக இருக்கிறது என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் அவரே அம்மாவை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் எப்போதும் தள்ளிப்போய் உட்காருகிறவர் அன்று அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தாராம். பெருமாளைப் பார்த்துவிட்டுப் பிராகாரத்தில் கொஞ்ச நேரம் இருந்தபோது, "உன்னைக் கட்டிக்கிட்டதுதான் நான் உருப்படியா செஞ்ச ஒரே காரியம்" என்று சொன்னாராம். இதை என்னிடம் சொல்லும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தாள்.

மாதா மாதம் அப்பாவுக்கு பிரஷர் பார்க்க வேண்டும். அந்த முறை நானும் கூடப் போனேன். பிரஷர் எகிறியிருந்தது. புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டதும், அப்பா சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"பிரஷர் இருக்கிறவங்க இதைப் போடக்கூடாதுங்க. இன்னையோட நிறுத்திடுங்க."

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "முன்னைக்கு இப்ப ரொம்ப நல்லா இருக்காருங்க டாக்டர். கலகலன்னு பேசறாரு, பாடறாரு."

டாக்டர் சிரித்தார். "அதுவும் மாத்திரை பண்ற வேலையா இருக்கும்மா. சிலருக்கு இது அப்படி ஒரு துள்ளலைக் கொடுக்கும். நிறுத்தினா சரியாயிடும்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அப்போது அம்மாவின் முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

சொன்னபடியே எல்லாம் சரியாகிவிட்டது. பிரஷர் இறங்கியது, பாட்டு நின்றது. அம்மா அந்த சைக்கிள் கதையை எடுத்துப் பார்த்தாள், கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டுப் பார்த்தாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் இருந்தபோது, சாதம் போட்டுக்கொண்டே அம்மா கேட்டேவிட்டாள்.

"அன்னைக்கு ஸ்ரீரங்கத்துல என்கிட்ட ஒண்ணு சொன்னீங்களே, ஞாபகம் இருக்குங்களா?"

அப்பா தட்டைப் பார்த்தபடியே, "மாத்திரை போட்டுக்கிட்டு ஏதாவது உளறியிருப்பேன். அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதே" என்றார்.

மகள் பக்கத்தில் இருந்த கூச்சத்தில் சொல்லியிருப்பார் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் அவர் தட்டைப் பிடுங்கியிருப்பேன். அம்மா "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள்.

பாத்திரம் கழுவப் போனவள் பின்னாலேயே போனேன். "அவர் வெக்கத்துல சொல்றாரும்மா. மனசுல இல்லாததா வாயில வந்திருக்கும்?" என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. தேய்த்த டம்ளரையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள்.

"அவர் மாத்திரை போட்டுக்கிட்டு சொன்னாரு, அது போகட்டும்" என்றாள். "நான் எந்த மாத்திரையும் போடலையேடி. என் மனசுல இருந்ததையெல்லாம் அன்னைக்கு அவர்கிட்ட சொல்லிட்டேனே."