கறுப்புத் துணி தொங்கிய ஜன்னல்

காட்டூர் பக்கம் எங்கள் பட்டறைத் தொழிலாளர் குடியிருப்பில், முதல் லைன் வரிசையின் முதல் வீட்டை நிர்வாகம் வெள்ளையடித்துக் காட்சி வீடாக்கியிருந்தது. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, பழைய தொழிலாளர் வாழ்க்கையைக் காட்ட எங்கள் வகுப்பை அங்கே அழைத்துச் சென்றார்கள். அதை ஒட்டிய இரண்டாவது வீடு எங்களுடையது. நான் மறைத்ததில்லை, யாரும் கேட்டதில்லை.

அந்த வாரம் அப்பாவுக்கு இரவு ஷிப்ட். இரவு வேலை பார்த்தவர் பகலில் தூங்கும் வீட்டில் முன் ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கும். அதைக் கண்டால் கீரைக்காரம்மா கூவாமல் கடப்பார். பிள்ளைகள் நாங்கள் பந்தோடு அடுத்த லைனுக்குப் போய்விடுவோம். அந்தத் துணியை யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

காட்சி வீட்டிலும் அதை மாட்டியிருந்தார்கள்.

“ஜன்னலுக்குக் கண்ணாடி போட வசதியில்லை, பாவம். பழந்துணியத் தொங்கவிட்டுட்டாங்க,” என்று விளக்கினார் சுற்றிக் காட்ட வந்த நிர்வாக அலுவலர்.

“ஒரே ரூம்லயா மிஸ் எல்லாரும் தூங்குவாங்க?” என்றாள் வகுப்புத் தோழி ஒருத்தி.

“உங்க வீட்டு பாத்ரூமே இதைவிடப் பெரிசுடி.”

“அந்தக் காலத்துல அப்படித்தான்,” என்றார் மிஸ். அன்று காலை அதே அளவு அறையில்தான் நான் தலைபின்னிக்கொண்டு கிளம்பியிருந்தேன்.

வெளியே வந்தவர்கள் அடுத்த ஜன்னலிலும் கறுப்புத் துணியைப் பார்த்து, அதுவும் காட்சிதான் என்று எண்ணிவிட்டார்கள். ஒருத்தி கம்பிக்குள் கைவிட்டுத் துணியைத் தூக்கினாள்.

“மிஸ், இங்க பொம்மை வச்சிருக்காங்க. அப்படியே ஆளு தூங்குற மாதிரி.”

“பொம்மை குறட்டை விடுதுடி.”

கூட்டத்தை விலக்கிப் போய் அவள் கையிலிருந்து துணியை இறக்கினேன்.

“அது எங்கப்பா. ராத்திரி வேலை பாத்துட்டுத் தூங்குறாரு.”

மிஸ் என்னைப் பார்த்து, “முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியதுதானே?” என்றார். அலுவலர் மிஸ்ஸிடம் வருத்தம் தெரிவித்தார்: “பக்கத்து வீட்டையும் காலி பண்ணச் சொல்லியிருக்கணும். பாக்க வர்றவங்களுக்கு இடைஞ்சல்.” யார் யாருக்கு இடைஞ்சல் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கதவு திறந்தது. கண்கள் சிவந்திருக்க, லுங்கியை இறுக்கிக்கொண்டே அப்பா சீருடைகளைப் பார்த்தார்.

“பாப்பா ஸ்கூலா? உள்ள வாங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?”

“வரிசையா நடங்க,” என்றார் மிஸ். தூக்கம் கெட்டவர் உபசரிக்கிறார். கெடுத்தவர்கள் வரிசை ஒழுங்கைப் பார்க்கிறார்கள். அந்தக் கோபம், இலக்கியம் படிக்கும் இந்த வயதிலும் எனக்குத் தணியவில்லை.

பஸ் கிளம்பும்போது கூப்பிட்டார்கள். நான் ஏறவில்லை. அப்பாவைப் படுக்கச் சொல்லி, துணியை நேராக்கிவிட்டு, அவர்கள் போகும்வரை ஜன்னலை மறைத்துக்கொண்டு வெளியே நின்றேன்.