சிகாகோவுக்கு எண்பத்தொன்று

ஆக்லாந்துக்கு வந்த முதல் ஐந்தாறு ஆண்டுகளில் நான் அதிகம் பேசியது அமெரிக்காவைப் பற்றித்தான். நான் மட்டுமல்ல, எங்கள் கூட்டமே அப்படித்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். சாம்பார் முடிந்து தயிர்சாதத்துக்கு வருவதற்குள் நியூயார்க்கா, சான் பிரான்சிஸ்கோவா என்று ஆரம்பித்துவிடும். எங்களில் ஒருவரும் அமெரிக்காவில் கால் வைத்ததில்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தோம். கருத்துச் சொல்ல அது யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

கூட்டத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் மரியாதை, அவருடைய சொந்தக்காரர் எந்த அமெரிக்க நகரத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. மாசி என்ற புறநகரில் வீடு வாங்கியிருந்த ஓர் அண்ணனுடைய தம்பி சான் பிரான்சிஸ்கோவில் இருந்தார். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் நல்ல சோபா அண்ணனுக்குத்தான். என் அத்தை மகன் ஒஹாயோவில் சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் இருந்தான். நான் "சிகாகோ பக்கம்" என்று சொல்லிவைப்பேன். காரில் ஐந்து மணி நேரம் போனால் பக்கம்தான். பாஸ்டன் என்றால் படிப்பாளிகள். ஹூஸ்டன் என்றால் கோயிலும் வெயிலும். லாஸ் ஏஞ்சல்ஸ் என்றால் அந்தச் சொந்தக்காரப் பையனைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். கார்க் கம்பெனிகள் இழுத்து மூடிய டெட்ராய்ட் என்று யாராவது சொல்லிவிட்டால் பேச்சை மாற்றி, அவர் தட்டில் இன்னொரு வடை வைப்போம். ஆக்லாந்துக்கு இந்த வரிசையில் இடமே கிடையாது. ஊரிலிருந்து போனில் "அது ஆஸ்திரேலியாவுலயா?" என்று கேட்பார்கள். "பக்கம்" என்போம்.

இப்படி இருந்தபோதுதான் என் மனைவியின் ஆபீஸில் அந்தக் காகிதத்தைக் கொடுத்தார்கள். அவள் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தாள். அமெரிக்காவில் மூன்று கிளைகள்: சிகாகோ, டாலஸ், சியாட்டில். போக விருப்பமிருந்தால் மூன்றையும் விருப்ப வரிசையில் எழுதி ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றாமலே அதை என்னிடம் நீட்டினாள். கல்லூரி முடித்த நாளிலிருந்து அவள் காத்திருந்தது அதற்குத்தான். நியூசிலாந்து விசா முதலில் வந்துவிட்டதால் நாங்கள் இங்கே வந்திருந்தோம், அவ்வளவுதான்.

அன்றே நான் விசா விதிகளைத் தேடிப் படித்தேன். அவளுக்கு வேலை விசா. எனக்கு அவளோடு ஒட்டிக்கொண்டு போகிற விசா. அதில் வேலை செய்யக் கூடாது. நான் பார்மசிஸ்ட். திருச்சியில் படித்தது மட்டும் இங்கே போதாது என்றார்கள். நான்கு வருடம் சூப்பர்மார்க்கெட்டில் பிஸ்கட் பாக்கெட் அடுக்கிக்கொண்டே மறுபடி பரீட்சை எழுதினேன். அந்தக் காகிதம் வந்த வருடம்தான் ஹெண்டர்சனில் ஒரு மருந்துக்கடையில், என் பெயரும் அதன் கீழே பார்மசிஸ்ட் என்றும் எழுதிய பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு நின்றேன். அதைக் கழற்றிவைக்க எனக்கு மனமில்லை. பயமாகவும் இருந்தது. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக ஓர் அட்டவணை போட்டேன்.

மூன்று நகரங்கள், பத்துத் தலைப்புகள், தலைப்புக்குப் பத்து மதிப்பெண். குளிர், கோயில், ஏர்போர்ட், இட்லி மாவு, சொந்தக்காரர்களிடமிருந்து தூரம் (தூரம் கூடினால் மதிப்பெண்ணும் கூடும்) என்று போயிற்று. கடைசித் தலைப்பு, 'போனில் சொன்னால் எப்படி இருக்கும்'. அதில் சிகாகோவுக்குப் பத்துக்குப் பத்து. சியாட்டில் என்றபோது என் அம்மா இன்னொரு முறை சொல்லச் சொன்னார், ஆகவே நான்கு. மொத்தத்தில் சிகாகோ எண்பத்தொன்று, சியாட்டில் எழுபத்துநான்கு, டாலஸ் அறுபத்தொன்பது. 'என் வேலை' என்று ஒரு தலைப்பு அதில் இல்லை. அதை, அப்போது ரானுயி பகுதியில் நாங்கள் இருந்த வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அவள் நின்று படித்தாள். "எனக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்க" என்றாள். நான் திருட்டு முழி முழித்தேன்.

அந்த மாதக் கூட்டம் மாசி அண்ணன் வீட்டில். நான் போனில் படம் பிடித்துக் கொண்டுபோன அட்டவணையை அண்ணன் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சிகாகோவா? அந்தக் குளிருக்கு நீங்க ரெண்டு பேரும் விறைச்சுப் போயிடுவீங்க தம்பி. டாலஸுக்குப் போங்க."

அப்போது ஹில்ஸ்பரோவிலிருந்து வரும் யாழ்ப்பாணத்து அக்கா, கத்தரிக்காய்க் குழம்புச் சட்டியைத் திறந்து பரிமாறிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அமெரிக்கப் பேச்சு வந்தால் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார். பாவம், அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்திருந்தோம். அவர் கணவர்தான் கோழி எலும்பைக் கடித்தபடி, "இவவைக் கேளுங்கோ, நாங்கள் ஹூஸ்டன், சிகாகோ, சியாட்டில் மூண்டிலயும் இருந்தனாங்கள்" என்று போட்டு உடைத்தார்.

சோபாவிலிருந்து அண்ணன் எழுந்தே விட்டார். "என்னக்கா இது! ஒரு வருஷமா வாயே திறக்கலையே?"

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே."

"இப்ப கேக்கறோம். எது நல்ல ஊரு?"

அக்கா கரண்டியைப் பிடித்தபடி யோசித்தார். "அது எனக்குத் தெரியாது தம்பி. ஹூஸ்டனில உடுப்புத் தோய்க்கிற மெஷின் முதலாம் மாடியில இருந்தது. சிகாகோவில நிலத்துக்குக் கீழ. கூடையோட தனிய இறங்கிப் போகப் பயம். சியாட்டில்ல யன்னலுக்கால கார் நிப்பாட்டுற இடம் தெரியும். எந்தக் கார் எத்தனை மணிக்கு வரும் எண்டு இப்பவும் சொல்லுவன்."

"ஊர் சுத்திப் பாக்கலையா?" என்று கேட்டது என் மனைவி.

"சனி ஞாயிறில பார்த்தனாங்கள்தான். மிச்ச அஞ்சு நாளும் வீட்டுக்குள்ள. இவரின்ர விசாவில நான் வேலை செய்யேலாது. நான் கணக்குப் படிப்பிச்சனான். அங்க ஆறு வருஷம் ஒரு பிள்ளைக்கும் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை. இஞ்ச வந்துதான் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குள்ள கால் வச்சனான்."

மாசி அண்ணன் மறுபடி சோபாவில் உட்கார்ந்து, "அப்ப சியாட்டில்தான் பெஸ்ட்டுங்கறீங்க" என்றார்.

"ஓம், யன்னல் பெரிசு" என்று சொல்லிவிட்டு அக்கா பாத்திரம் கழுவப் போனார்.

திரும்பும்போது மனைவிதான் கார் ஓட்டினாள். முதல் ரவுண்டானாவைத் தாண்டியதும் கேட்டாள்.

"உங்களுக்கும் அதே விசாதானே?"

"ஆமா."

"முன்னாடியே தெரியுமா?"

"நீ பேப்பரைக் கொண்டுவந்த அன்னிக்கே பார்த்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு சிகாகோவுக்கு எண்பத்தொன்னு போட்டீங்க?"

"ஏரி இருக்குல்ல" என்றேன். அதைவிட மட்டமான பதிலை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. அவள் சிரிக்கவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அங்கேதான் சொன்னேன். எனக்குப் போக வேண்டாம், அந்தப் பேட்ஜை என்னால் கழற்ற முடியாது என்று.

"எனக்குப் போகணுங்க" என்றாள் அவள். "ரொம்ப ஆசையா இருக்கு."

இரண்டு பேரும் காலிச் சாதப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம்.

புதன்கிழமை அவள் மூன்று நகரமும் வேண்டாம் என்று ஆபீஸுக்கு எழுதிவிட்டாள். என்னைக் கேட்டு எழுதவில்லை. எழுதிய பிறகு சொன்னாள். நான் அவசரமாக எழுந்து ஃப்ரிட்ஜில் இருந்த அட்டவணையைக் கிழிக்கப் போனேன்.

"இருக்கட்டும்" என்றாள். "எதை விட்டேன்னு எனக்குத் தெரியணும்."

அதன் பிறகு வீடு மாறினோம், ஃப்ரிட்ஜும் மாறியது. அதில் ஒட்டிய அட்டவணை மட்டும் மாறவில்லை. நான் இன்னும் அதே மருந்துக்கடையில்தான் வேலை செய்கிறேன். தினமும் காலையில் பேட்ஜைக் குத்திக்கொண்டு பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கிறேன். சிகாகோ இன்னும் முதலிடத்தில்தான் இருக்கிறது.