எல்மர் ஹாவ்ரானெக் ஒரே ஒரு முறை சாப்பிட்ட ஸ்டேக்

எங்கள் உணவகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் விலைப்பட்டியலைப் பார்த்ததும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுண்டு. ஒரு துண்டு மாட்டிறைச்சிக்கு இவ்வளவு விலை தகுமா என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக நான் இங்கே பரிமாறுகிறேன். முன்பெல்லாம், "சாப்பிட்டுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க" என்று சிரித்துவிட்டுப் போவேன். 1979 நவம்பருக்குப் பிறகு அந்தக் கேள்வி வந்தால் பக்கத்து மேசையில் யாரோ கூப்பிட்டதுபோல நகர்ந்துவிடுகிறேன். காரணம், என் அக்காள் புருஷன் எல்மர் ஹாவ்ரானெக்.

எல்மர் எங்கள் ஒமாஹா நகரின் தெற்குப் பக்கத்தில் பிறந்து, அங்கேயே இறைச்சி ஆலையில் முப்பத்தொரு வருடம் எலும்பெடுக்கும் வேலை பார்த்தவர். குளிர் அறையில் கத்தி பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் நிமிராமலே போயிற்று. தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிற ஆள். ஆலையை மூடினார்கள், அடுத்த வருடம் என் அக்காள் ஆக்னஸ் போய்விட்டாள், அதற்கடுத்த வருடம் அவருடைய பற்களும் போயின. மலிவாகக் கட்டிக்கொண்ட பல்செட் ஈறில் ஒழுங்காக உட்காரவில்லை. அது பெரும்பாலும் சட்டைப் பையில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும்போது மட்டும் வாய்க்குள் ஏறும். மற்ற நாளெல்லாம் சூப், மாவு உருண்டை, நார் நாராகப் பிரியும்வரை வேகவைத்த இறைச்சி.

அவர் எலும்பெடுத்த இறைச்சி எங்கள் உணவகத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் அவர் ஒரு நாளும் வந்ததில்லை. நான் கூப்பிட்டால், "நான் வெட்டுனத நானே காசு குடுத்துத் திங்கவா? எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்பார்.

ஒரே மகள் ஜோலீன். தாய் இறந்தபிறகு பாதி நாள் என் வீட்டில்தான் இருந்தாள். தலை வாரிவிட்டதும் நான்தான், கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வங்கியின் துணைத்தலைவர் விட்மோரின் மகன் கிரெய்குக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மோதிரமும் மாற்றிக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, வர்ற சனிக்கிழமை கிரெய்கோட அம்மாவும் அப்பாவும் என்னையும் அப்பாவையும் டின்னருக்குக் கூப்பிட்டிருக்காங்க. உங்க ரெஸ்டாரன்ட்லதான்."

"நல்லதாப் போச்சு. அந்த மேசையை நானே கேட்டு வாங்கிக்கிறேன்."

அவள் காபிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அதான் சித்தி... அன்னிக்கு மட்டும் நீங்க என் சித்தின்னு காட்டிக்க வேணாமே. கல்யாணத்துல நானே அறிமுகப்படுத்தி வைக்கிறேன். அப்பா இறைச்சித் தொழில்ல இருந்தாருன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

"பொய் ஒண்ணும் இல்லையே. கத்தியோட இருந்தாரு."

"சித்தி!"

எனக்குச் சுருக்கென்றது. அதை மறைக்க, "சரிடி, உன்னை யாருன்னே தெரியாது, போதுமா?" என்று சிரித்தேன். அன்றைக்கு நான் முகத்தைக் காட்டிச் சண்டை போட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை எல்மர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வில்மா, அங்க வந்து நான் என்ன கேக்கணும்?"

"பேசாம மீன் கேளுங்க. இல்லன்னா கொத்துன இறைச்சியில செய்ற ஸ்டேக் இருக்கு. அந்தப் பல்லை வச்சுக்கிட்டு வேற எதையும் தொடாதீங்க."

"அங்க போய் மீன் கேட்டா கேவலமாம். நல்லா வேக வைக்கச் சொன்னாலும் சிரிப்பாங்களாம். ஜோலீன் சொன்னா."

"யார் சிரிக்கப் போறா? கொண்டு வரப் போறதே நான்தான்."

"அவ மாமனாரு சிரிப்பாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புள்ளைக்குப் பெரிய இடம், வில்மா. என்னால கெட்டுடக் கூடாது."

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. மருத்துவரிடம் சோதனை முடிவு கேட்கப் போகிறவனின் குரல் அது.

சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்தார்கள். எல்மர் கழுத்தில் டையை இறுக்கிக் கட்டியிருந்தார். பல்செட் வாய்க்குள் இருந்தது, அதனால் சிரிப்பும் ஒரே மாதிரி இருந்தது. ஜோலீன் என்னைப் பார்த்து, "குட் ஈவினிங், மிஸ்" என்றாள். நானும் திருப்பிச் சொன்னேன். எல்மர் மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் உணவகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பச்சை இறைச்சித் துண்டுகளை ஒரு தட்டில் அடுக்கி மேசைக்கே கொண்டுபோய்க் காட்டுவோம். ஆறு வாரம் குளிர் அறையில் தொங்கி ஓரம் கருத்த இறைச்சி. விருந்தினர் கண்ணால் பார்த்து, விரல் நீட்டி, இது வேண்டும் என்று சொல்லுவார்கள். நான் தட்டை நீட்டியதும் எல்மர் விரல் நீட்டவில்லை. அந்த வளைந்த கட்டைவிரலை நேரே இறைச்சியின்மேல் வைத்து அமுக்கினார். அடுத்ததையும் அமுக்கினார். மூன்றாவதைப் புரட்டிப் போட்டு எலும்போரத்தைப் பார்த்தார். முப்பத்தொரு வருடப் பழக்கம், கை தன்னால் போய்விட்டது.

"அப்பா!" என்றாள் ஜோலீன். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் சவுக்கடிதான். எல்மர் கையை மடிக்கு இழுத்துக்கொண்டார். கழுத்துவரை சிவந்துவிட்டது.

விட்மோர் நல்ல மனிதர், அதையும் சொல்லத்தான் வேண்டும். "அட, விஷயம் தெரிஞ்ச கை இது! எங்க எல்லாருக்கும் நீங்களே பாத்துச் சொல்லுங்க, ஹாவ்ரானெக்" என்றார். எல்மர் ஐந்து துண்டுகளைக் காட்டினார், தட்டைத் தொடாமல். "எப்படி வேகணும், சார்?" என்று கேட்டேன். நல்லா வேகட்டும் என்று சொல்லுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் மகளைப் பார்த்தார். "எல்லாருக்கும் எப்படியோ, எனக்கும் அப்படியே" என்றார். எல்லாருக்கும் உள்ளே சிவப்பாக, அரைவேக்காட்டில்தான்.

கொண்டு வைத்தேன். மூன்றடி தள்ளி நின்று அவர் வாயையே பார்த்தேன். முதல் வாயை மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். அதற்குள் விட்மோர், ஆலையில் ஒரு நாளைக்கு எத்தனை மாடு என்று கேட்டார். வாயில் வைத்துக்கொண்டு பதில் சொல்லக் கூடாதே, விழுங்கிவிட்டுச் சொன்னார். திருமதி விட்மோர், ஜோலீன் சின்ன வயதில் எப்படி என்று கேட்டாள். விழுங்கிவிட்டுச் சொன்னார். ஒவ்வொரு கேள்வியும் மரியாதையான கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுத் துண்டு உள்ளே போயிற்று. தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் கிட்டே போய், "மெதுவா" என்றேன். "தேங்க் யூ, மிஸ்" என்றார், என் அக்காள் புருஷன்.

கிரெய்க் கல்யாணத் தேதியைச் சொல்லி எல்லாரும் மதுக்கிண்ணத்தை உயர்த்தியபோது எல்மரும் உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது. பிறகு கிண்ணத்தைச் சிந்தாமல் வைத்துவிட்டு எழுந்தார். துணியால் வாயை மூடிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், கழிப்பறைப் பக்கம் நடந்தார்.

எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லாவற்றையும்விடப் பயப்படுகிற காட்சி அது. தொண்டை அடைத்துக்கொண்டவன் இந்த மாதிரி இடத்தில் கத்துவதில்லை, மேசையைத் தட்டுவதில்லை. நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டு எழுந்து போவான். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தனியாகச் செத்துக் கிடப்பான். என் காலத்திலேயே இரண்டு பேர் அப்படிக் கிடந்தார்கள், மேசையில் அவர்களுக்காகக் காத்திருந்தவர்கள் இனிப்புக்குச் சொல்லியிருந்தார்கள். பேசாமல் எழுந்து போகிறவன் பின்னாலேயே போக வேண்டும் என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம்.

நான் திரும்பினேன். ஜோலீன் என் கையைத் தொட்டு நிறுத்தினாள். "அவரைக் கொஞ்சம் விடுங்க, மிஸ். அவருக்குக் கூச்ச சுபாவம். எங்களுக்கு வைன் ஊத்துறீங்களா?"

ஊற்றினேன். கடவுளே, ஊற்றினேன். இரண்டு கிண்ணம் ஊற்றிவிட்டுத்தான் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு ஓடினேன்.

ஆண்கள் கழிப்பறையில் அவர் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு நீலம். கண்ணாடியில் என்னைப் பார்த்ததும், வெளியே போ என்று கையை ஆட்டினார்! மூச்சு இல்லாத மனுஷன், ஆண்கள் அறைக்குள் பெண் வரக் கூடாது என்கிறார். பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றில் முஷ்டியை வைத்து மேலே குத்தினேன். நாலாவது குத்தில் இறைச்சியும் பல்செட்டும் சேர்ந்தே தொட்டியில் விழுந்தன. இழுத்தார் பாருங்கள் ஒரு மூச்சு, பழைய கதவைத் திறக்கிற சத்தம். அந்த இழுப்பில் ஏதோ ஒன்று உள்ளே போனதுபோல ஒரு சின்னத் திடுக்கிடலும் இருந்தது. உயிர் வந்துவிட்ட சந்தோஷத்தில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றேன்.

பல்செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டிருந்தார். "இனிப்பு இன்னும் வரல."

"எல்மர், செத்துப் போயிருப்பீங்க!"

"அதான் சாகலையே." தலைமுடியை ஈரக்கையால் படிய வைத்தார். "வில்மா, ஆக்னஸ் மேல ஆணையா, ஜோலீன்கிட்ட சொல்லாத. ஏற்கனவே கையை வச்சு மானத்தை வாங்கிட்டேன்." கதவருகே நின்று இருமினார். "ஆனா ஒண்ணு. இறைச்சி பிரமாதம். இந்த விலை தகும்."

திரும்பிப் போய் உட்கார்ந்தார். விட்மோர், "என்ன ஹாவ்ரானெக், பாதியிலேயே நிறுத்திட்டீங்க? இதை மீதி வைக்கலாமா?" என்றார், அன்பாகத்தான். எல்மர் மறுபடி கத்தியை எடுத்தார். மீதி முழுவதையும் பொடிப்பொடியாக நறுக்கிச் சாப்பிட்டார். ஒவ்வொன்றும் இறங்குகிறவரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஜோலீனின் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

அடுத்த நாளே இருமல் பிடித்தது. நாலாம் நாள் காய்ச்சல். ஜோலீனும் நானும் கிளினிக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்த இளம் மருத்துவர் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"ஒரு பக்கம் மட்டும் சத்தம் வேற மாதிரி இருக்கு. சமீபத்துல ஏதாவது புரை ஏறுச்சா? தொண்டையில சிக்குச்சா?"

"இல்லையே டாக்டர்" என்றாள் ஜோலீன். "சனிக்கிழமை ஸ்டேக் ஹவுஸ்ல ராஜா மாதிரி சாப்பிட்டாரு. துளி மீதி இல்ல."

எல்மர் என்னைப் பார்த்தார். தலையைக்கூட ஆட்டவில்லை, வெறுமனே பார்த்தார். ஆக்னஸ் பெயரில் கேட்ட ஆணை. நான் அவர் கோட்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். மருத்துவர் இருமல் மருந்து எழுதிக்கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் உதடு மறுபடி நீலமாயிற்று, ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே யாரும் கேட்பதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குழாய் விட்டுப் பார்த்து, வலது நுரையீரலிலிருந்து மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு இறைச்சித் துணுக்கை எடுத்தார்கள். அதைச் சுற்றி எல்லாம் சீழ் பிடித்திருந்தது. ஐந்து நாள் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று பெரிய மருத்துவர் சொன்னார். பதினோராம் நாள் காலையில் எல்மர் போய்விட்டார். அறுபத்தாறு வயது.

அறைக்கு வெளியே நடையில் ஜோலீன் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கிளினிக்ல பக்கத்துலதானே நின்னீங்க? ஏன் சித்தி வாயைத் திறக்கல?"

"சொல்லக் கூடாதுன்னு ஆணை வாங்கிட்டாருடி."

"எதுக்கு? யாருக்குப் பயந்தாரு? விட்மோர் மாமாவுக்கா? அவருக்கு அப்பாவை எவ்வளவு பிடிச்சிருந்துச்சு தெரியுமா? இறைச்சியைப் பாத்து எடுக்க அடுத்த தடவையும் அவரைத்தான் கூட்டிட்டு வரணும்னு சொல்லிட்டிருந்தாரு!"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒன்பது நாளில் போதும் போதும் என்கிற அளவுக்கு வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன், இனி முடியவில்லை.

"உனக்குத்தான்டி பயந்தாரு" என்றேன். "நானும் உனக்குத்தான் பயந்தேன்."

அவள் கை என் தோளிலிருந்து நழுவியது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை.